பக்கவாதமும் வருமுன் காக்கும் கடமையும்

அல்லாஹ்வின் திருப்பெயரைக் கொண்டு வானிலும் பூமியிலும் உள்ள எத்தீங்கினின்றும் பாதுகாவல் தேடும் துஆ ஒன்று உண்டு. காலையிலும் மாலையிலும் மும்முறை ஓதப்படும் அந்தத் துஆவை நம் மக்தப் மாணவர்களும் மனப்பாடமாக அறிவர். அதனை ஓதியவரைத் திடீர்ச் சோதனை அணுகாது என்னும் நற்செய்தியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமிருந்து மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் அறிவிக்க, அவர்களிடமிருந்து அவர்களின் புதல்வர் அபான் (ரஹ்) அவர்கள் அறிவித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் இந்த ஹதீஸ் இடம்பெற்றுள்ளது.

துஆவை அறிந்தவர்களுள் பலர், அதன் அறிவிப்புடன் இணைந்துள்ள நிகழ்ச்சியை அறிவதில்லை. இந்த ஹதீஸை எடுத்துரைத்த வேளையில் அபான் (ரஹ்) அவர்கள் பக்கவாதத்தால் பீடிக்கப்பட்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் அவர்களை உற்று நோக்கினார். அந்தப் பார்வையின் பொருள் அபான் அவர்களுக்கு விளங்கிற்று. தாம் தம் தந்தையார் மீதோ, தந்தையார் நபியவர்கள் மீதோ பொய்யுரைக்கவில்லை என்றும், நோய் தாக்கிய அன்று கோபவயப்பட்டு அத்துஆவை ஓத மறந்துவிட்டதாகவும் அவர்கள் விடையளித்தார்கள்.

மதீனாவின் ஆளுநராக விளங்கிய ஒரு தாபிஈ; கலீஃபாவின் மகனார்; மார்க்கச் சட்ட அறிவில் மதிக்கப்பெற்றவர். அவரையும் இந்நோய் விட்டுவைக்கவில்லை. இந்நிகழ்ச்சியைக் கேட்கும் நம்மவருள் இருவகையினரைக் காண்கிறோம். ‘துஆ ஒன்றே போதும், மருத்துவரும் மாத்திரையும் எதற்கு?’ என்பார் ஒருவகையினர். ‘அறிவித்தவருக்கே நோய் வந்துவிட்டதே’ என ஐயுறுவார் மற்றொரு வகையினர். இவ்விரு சாராரும் ஓர் உண்மையை மறந்துவிடுகின்றனர். துஆ என்பது அல்லாஹ் ஏற்படுத்திய காரணங்களுள் ஒன்று. உணவு, உறக்கம், மருந்து, நடை ஆகியவையும் அவன் ஏற்படுத்திய காரணங்களே. ஒரு காரணத்தைப் பற்றிக்கொண்டமை மற்றொன்றைக் கைவிடுவதற்கு அனுமதியாகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவன்மீது நம்பிக்கை வைக்குமாறு நபியவர்கள் கற்பித்ததன் சாரமும் இதுவே.

எந்தக் கயிற்றால் இந்த ஒட்டகத்தைக் கட்டுவது? பக்கவாதம் எதனால் வருகிறது, அதனை எவ்வளவு தூரம் தடுக்க இயலும், அதில் மார்க்கம் நம்மீது சுமத்தும் பொறுப்பு யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பெயர்கள் உணர்த்தும் செய்தி

அரபு மருத்துவ நூல்கள் இந்நோயை இரு பெயர்களால் குறிக்கின்றன. ஒன்று ‘ஃபாலிஜ்’. ஒன்றை இரண்டாகப் பிளத்தல் என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. மனித உடலை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியைச் செயலற்றதாக்கி மறு பாதியை விட்டுவைக்கும் நோய் என்பது அதன் கருத்து. மற்றொன்று ‘ஸக்தா’. மௌனம் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. மனிதனை ஒரே கணத்தில் பேச்சற்று, அசைவற்று வீழ்த்தும் தாக்குதலை அது சுட்டும். முகம் கோணுவதை மட்டும் குறிக்க ‘லக்வா’ என்னும் சொல்லும் உண்டு. முகநரம்பின் பாதிப்பாலும் முகம் கோணலாம். மூளையின் பாதிப்பாலும் கோணலாம். எது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவரே.

அரபு உரைநடையின் பேராசானாகிய அல்ஜாஹிஸ் (இறப்பு ஹிஜ்ரி 255) தம் இறுதிக் காலத்தில் பக்கவாதத்தால் முடங்கிக் கிடந்தார். உடலின் ஒரு பக்கம் உணர்ச்சியற்றுப் போக, மறு பக்கத்தைக் கீல்வாத வலி வாட்டியதாக வரலாற்று ஆசிரியர்கள் பதிந்துள்ளனர். அறிவும் நாவன்மையும் இந்நோய்க்கு வேலியாவதில்லை என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

கடுமையான ஸக்தாவைக் குணப்படுத்த இயலாது, இலேசானதையும் எளிதில் குணப்படுத்த இயலாது என்பது கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் கருத்து. ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்ற மொழிபெயர்ப்பாளர்கள் வழியாக அது அரபுலகை அடைந்தது. மருத்துவம் என்பதை வரையறுக்கும்போது இப்னு ஸீனா (இறப்பு 1037), உள்ள ஆரோக்கியத்தைப் பாதுகாத்தலை முதலிலும் இழந்த ஆரோக்கியத்தை மீட்டலைப் பின்னரும் வைத்தார். மீட்பது அரிதாகிய நோய்க்கு அவ்வரிசை மிகவும் பொருந்தும். 1658ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர் வெப்ஃபர், இத்தகைய தாக்குதலால் இறந்தோரின் மூளையில் இரத்தம் கசிந்திருந்ததை ஆராய்ந்து வெளியிட்டார். அதன் பின்னரே நோயின் இருப்பிடம் இரத்தக் குழாய்கள் என்பது தெளிவாகத் தொடங்கிற்று.

மூளையில் நிகழ்வது என்ன?

நம் உடல் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 விழுக்காடே. எனினும் உடல் பயன்படுத்தும் ஆக்ஸிஜனில் 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைத்துக்கொள்ளும் வசதி அதற்கு இல்லை. இரத்த ஓட்டம் சில நிமிடங்கள் தடைப்பட்டாலே அதன் உயிரணுக்கள் மடியத் தொடங்கும். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்திற்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என 2006ஆம் ஆண்டில் வெளியான கணக்கீடு ஒன்று கூறுகிறது.

பக்கவாதம் இருவகைப்படும். முதல்வகையில், கொழுப்புப் படிந்து குறுகிய குழாயிலோ, இதயத்திலிருந்து வந்து சிக்கிய இரத்தக் கட்டியாலோ ஓட்டம் அடைபடுகிறது. பெரும்பாலானோர்க்கு வருவது இதுவே. இரண்டாம் வகையில், அழுத்தம் தாங்காத குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிகிறது. இது எண்ணிக்கையில் குறைவு; உயிரிழப்பில் கூடுதல். வெளித்தோற்றத்தைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. ஒன்றிற்கு உகந்த மருந்து மற்றொன்றிற்கு நஞ்சாகலாம். எனவேதான் மூளையைக் கதிர்ப்படம் எடுத்துப் பார்க்காமல் எவரும் மருந்தளிக்கலாகாது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் உஸூல் நூலில், மார்க்கச் சட்டங்களின் நோக்கம் ஐந்து பொருள்களைப் பாதுகாப்பதே என விளக்கினார்கள்: மார்க்கம், உயிர், அறிவு, வழித்தோன்றல், செல்வம். பக்கவாதம் ஒரே தாக்குதலில் இவற்றுள் மூன்றைத் தொடுகிறது. உயிரைப் பறிக்கிறது, உயிர் தப்பினால் அறிவையும் நினைவையும் குலைக்கிறது, நீண்ட காலச் சிகிச்சையால் குடும்பத்தின் செல்வத்தைக் கரைக்கிறது. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் பலர்க்குப் பேச்சு போய்விடுகிறது. இமாமாக நின்று கிராஅத் ஓதியவர், ஃபாத்திஹா சூராவின் சொற்களைக் கூடத் தேடித் தவிக்கும் நிலை அதனால் நேரலாம். இதைவிடப் பெரிய இழப்பு ஓர் ஆலிமுக்கு வேறென்ன இருக்க முடியும்?

தடுக்க இயலுமா?

‘விதித்தது வந்தே தீரும்’ என்று கூறிக் கைகட்டி அமர்வோர்க்கு ஆய்வுகள் தரும் விடை ஊன்றி நோக்கத்தக்கது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு இண்டர்ஸ்ட்ரோக் என்னும் பேராய்வு நடைபெற்றது. மார்ட்டின் ஓ'டொன்னல் என்பவருடன் இணைந்து இதனை வழிநடத்தியவர், கேரளத்தில் பிறந்து பெங்களூரில் மருத்துவம் பயின்ற இதயநோய் அறிஞர் சலீம் யூசுஃப். 32 நாடுகளில் ஏறத்தாழ 27,000 பேரை ஆராய்ந்து 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, உலகில் நிகழும் பக்கவாதங்களில் சுமார் 90 விழுக்காட்டுக்குப் பத்துக் காரணிகளே தொடர்புடையன. அவையாவன: உயர் இரத்த அழுத்தம், உடலுழைப்பின்மை, இரத்தக் கொழுப்பு, தவறான உணவு, தொந்தி, மன அழுத்தம், புகை, இதயக் கோளாறு, மது, நீரிழிவு.

இப்பத்தும் மாற்றத்தக்கவை அல்லது கட்டுப்படுத்தத்தக்கவை. இவற்றுள் தலையாயது உயர் இரத்த அழுத்தம். மொத்தப் பக்கவாதங்களில் ஏறத்தாழப் பாதி அதனோடு தொடர்புடையது. மேல் அளவு 10 புள்ளி குறைந்தால் பக்கவாத அபாயம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என, பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் லான்செட் இதழ் வெளியிட்ட கட்டுரை காட்டுகிறது.

இனி நம் நாட்டின் நிலையைப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்ற நாடளாவிய ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. இந்திய மக்களில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையோர் என்றும், வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்கு மேல் உயர் இரத்த அழுத்தம் உடையோர் என்றும் அது கணித்தது. மேலை நாடுகளைவிட இளம் வயதிலேயே நம்மவரைப் பக்கவாதம் தாக்குவதன் பின்னணி இதுவே.

ஹிம்யா என்னும் தத்துவம்

இமாம் இப்னுல் கையிம் (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 751) அவர்கள் ‘ஸாதுல் மஆத்’ நூலின் மருத்துவப் பகுதியில் ஓர் அரிய நுட்பத்தை வெளிப்படுத்துகிறார்கள். மருத்துவத்தின் அடிப்படைகள் மூன்று. மூன்றையும் திருக்குர்ஆன் வணக்க வழிபாடுகளின் சட்டங்களுக்கிடையே சுட்டிச் செல்கிறது என்பது அவர்கள் கருத்து. நோயாளியும் பயணியும் நோன்பை ஒத்திவைக்கப் பெற்ற சலுகை, ஆரோக்கியத்தைப் பேணுதலுக்குச் சான்று. இஹ்ராமில் இருப்பவர் தலையில் நோவினை ஏற்பட்டால் முடி களைய அனுமதிக்கப்பட்டது, தீங்கு தரும் பொருளை வெளியேற்றுதலுக்குச் சான்று. நீரால் தீங்கு நேரும் நோயாளி தயம்மும் செய்ய அனுமதிக்கப்பட்டது, தீங்கினின்று விலகியிருத்தலுக்குச் சான்று. இம்மூன்றாவதையே ‘ஹிம்யா’ என்பர். இன்றைய மொழியில் வருமுன் காத்தல்.

நோயைத் தடுக்கும் நோக்கில் தொழுகையின் முன்னிபந்தனையாகிய உளூவிலேயே மாற்றம் அனுமதிக்கப்படுமானால், தட்டிலுள்ள உப்பைக் குறைப்பதும் விரலிடையிலுள்ள சிகரெட்டை எறிவதும் எம்மாத்திரம்?

விதியைப் பற்றிய ஐயத்திற்கும் ஸஹாபாக்களின் வாழ்வில் விடை உண்டு. ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவிய செய்தி கேட்டு உமர் (ரலி) அவர்கள் வழியிலிருந்தே திரும்ப முடிவு செய்தபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். இரத்த அழுத்தமானி காட்டும் எண்ணைக் கண்டு மாத்திரை உண்பவரும் அவ்வாறே ஒரு விதியிலிருந்து மற்றொன்றை நோக்கிச் செல்கிறார்.

எண்ணை அறிதல்

உயர் இரத்த அழுத்தம் ஓசையின்றி வளரும். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, எனவே அழுத்தமும் இல்லை என்று கருதுவது பெரும்பிழை. பலர்க்குப் பக்கவாதமே முதல் அறிகுறியாக வந்து சேர்கிறது. 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் அவ்வப்போதும், 30 வயதைக் கடந்தோர் ஆண்டுக்கொருமுறையேனும் தம் அழுத்தத்தை அளந்தறிதல் வேண்டும். அமைதியாக அமர்ந்த நிலையில், வெவ்வேறு நாள்களில் எடுத்த அளவு 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பின் மருத்துவரை அணுகுதல் இன்றியமையாதது. கருவுற்ற காலத்தில் அழுத்தம் உயர்ந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் பக்கவாத அபாயம் கூடுதல் என்பதால், பிள்ளைப்பேற்றிற்குப் பின்னரும் அவர்கள் தொடர்ந்து அளந்துவர வேண்டும். வயது முதிர்ந்தோர் நாடித்துடிப்பையும் கவனித்தல் நலம். ஒழுங்கற்ற துடிப்பால் இதயத்தில் இரத்தக் கட்டி உருவாகும் கோளாறு, பக்கவாத அபாயத்தைச் சுமார் ஐந்து மடங்காக்குகிறது.

மாத்திரை தொடங்கிய பின் நிறுத்துவோரும் நம்மிடையே மிகுதி. ‘அளவு சரியாகிவிட்டது, இனி எதற்கு?’ என்பது அவர்கள் வாதம். அளவு சரியானது மாத்திரையால்தான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. வளைகுடா நாடுகளில் தனித்து வாழும் நம் சகோதரர்கள், விடுப்பில் ஊர் திரும்பும்போது மட்டுமே மருத்துவரைக் காண்பதும் ஆபத்தானது. ஹிஜாமா செய்துகொண்டமையால் மாத்திரை தேவையில்லை எனக் கருதுவதும் தவறு. ஹிஜாமா நபிவழியில் இடம்பெற்றதே. அதனைச் செய்துகொள்பவர், வேறு மருந்துகளைக் கைவிடுமாறு நபியவர்கள் கூறியதில்லை.

உப்பும் உணவும்

நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமானது என உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. ஒரு தேக்கரண்டியளவு அது. உலக மக்கள் சராசரியாக உண்பதோ அதனினும் இரு மடங்கு. கருவாடு, ஊறுகாய், அப்பளம், பொட்டலத் தின்பண்டம் ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பை நாம் கணக்கிடுவதில்லை. சீனாவின் 600 கிராமங்களில் நடைபெற்று 2021இல் வெளியான ஆய்வில், சாதாரண உப்பின் கால் பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் உப்பைக் கலந்து பயன்படுத்தியோர்க்குப் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. ஆயினும் சிறுநீரக நோயாளிகளும் சிலவகை அழுத்த மாத்திரை உண்போரும் மருத்துவரைக் கேளாமல் அவ்வுப்பைப் பயன்படுத்தலாகாது.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் போதுமானது என்னும் நபிமொழியை வலீமா மேடைகளில் நாம் எடுத்துரைக்கிறோம். பின்னர் அதே மண்டபத்தில் நெய் மிதக்கும் பிரியாணியும் பொரித்த கோழியும் இனிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. விருந்தளிப்பது நற்செயல்; விருந்தினரை நோயாளியாக்குவது விருந்தோம்பலாகாது. காய்கறி, கீரை, பருப்பு, பழம், மீன் ஆகியவற்றிற்கு அன்றாட உணவிலும் விருந்திலும் இடமளித்தல் வேண்டும்.

நடையும் புகையும்

வாரத்தில் 150 நிமிடம் விரைந்த நடை போதுமானது என்பது மருத்துவ உலகின் பொது அறிவுரை. நாளொன்றுக்கு 30 நிமிடமாக ஐந்து நாள்கள். மஸ்ஜிதுந் நபவியிலிருந்து தொலைவில் குடியிருந்த பனூ ஸலமா குலத்தார் பள்ளியின் அருகே குடிபெயர விரும்பியபோது, அவர்தம் காலடிகள் பதிவு செய்யப்படுவதைக் கூறி அவ்விடத்திலேயே இருக்குமாறு நபியவர்கள் பணித்தார்கள். இன்று இரு தெருக்களுக்கு அப்பாலுள்ள பள்ளிக்கும் இருசக்கர ஊர்தியில் செல்கிறோம். தொழுகை வணக்கமே அன்றி உடற்பயிற்சி அன்று. அதனை அவ்வாறு விளம்பரப்படுத்துவதும் முறையன்று. ஆனால் தொழுகைக்காக நடக்கும் நடை நன்மையோடு நலத்தையும் சேர்க்கிறது. பெண்கள் நடப்பதற்கு நம் ஊர்களில் வசதியும் பழக்கமும் குறைவு. மொட்டைமாடியிலோ முற்றத்திலோ, துணையுடன் அதிகாலைத் தெருவிலோ அவர்கள் நடப்பதை ஊக்குவிப்பது குடும்பத்து ஆண்களின் கடமை.

புகையிலை உஸ்மானியப் பேரரசில் பரவிய காலத்தில் உலமாக்கள் கருத்து வேறுபட்டனர். எகிப்தின் மாலிகி அறிஞர் இப்ராஹீம் அல்லகானி (இறப்பு ஹிஜ்ரி 1041) அதனைத் தவிர்க்க வலியுறுத்தி நூலெழுதினார். டமாஸ்கஸின் அப்துல் கனி அந்நாபுலுஸி (இறப்பு ஹிஜ்ரி 1143) அனுமதிக்கப்பட்டதே என நூலெழுதினார். அக்காலத்தில் புகையின் தீங்கு உறுதிப்படவில்லை. எனவே வேறுபாட்டிற்கு இடமிருந்தது. இன்று புகைப்போர்க்குப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு என்பதில் மருத்துவர்களிடையே ஐயமில்லை. தீங்கிழைத்தலும் கூடாது, பதிலுக்குத் தீங்கிழைத்தலும் கூடாது என்னும் அடிப்படை விதியை ஏற்றுக்கொண்ட பின், பழைய சலுகைக் கருத்தைச் சான்று காட்டுவது பொருந்தாது. பீடி, சிகரெட், புகையிலை மெல்லுதல் ஆகிய அனைத்திற்கும் இது பொருந்தும். விட்டவர்க்கு அபாயம் சில ஆண்டுகளிலேயே பெருமளவு குறைகிறது என்பது ஆறுதலான செய்தி.

கோபத்தைப் பற்றியும் ஒரு சொல். மேற்கூறிய இண்டர்ஸ்ட்ரோக் ஆய்வின் ஒரு பகுதி 2021 இறுதியில் வெளியாயிற்று. பக்கவாதம் தாக்கியோருள் ஏறத்தாழ 11 பேரில் ஒருவர், அதற்கு முந்திய ஒரு மணி நேரத்திற்குள் கடுங்கோபமோ மனக்கொதிப்போ அடைந்திருந்ததாக அது தெரிவித்தது. அபான் (ரஹ்) அவர்கள் கோபத்தைத் தம் மறதிக்கே காரணமாகக் கூறினார்கள், நோய்க்கு அன்று. எனவே அந்த அறிவிப்பில் இன்றைய மருத்துவத்தைத் தேடிப் புகுத்த வேண்டியதில்லை. கோபத்தை அடக்குமாறு மீண்டும் மீண்டும் உபதேசித்த நபிமொழிக்கு ஆய்வின் கைத்தாங்கலும் தேவையில்லை. எனினும் அந்த உபதேசத்தைப் பின்பற்றுவோரின் உடலும் பயனடைகிறது என்பதை அறிவது மகிழ்வளிக்கிறது.

ரமளானில் கவனிக்க வேண்டியவை

புனித ரமளானில் மருந்தை நிறுத்திவிடுவோர் பலர். நோன்பு தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, ஸஹர், இஃப்தார் நேரங்களுக்கேற்ப மாத்திரைகளை மாற்றியமைத்துக்கொள்ள வேண்டும். நீரிழிவுக்கும் இரத்தக் கட்டியைத் தடுப்பதற்கும் மருந்து உண்போர்க்கு இது மிகவும் இன்றியமையாதது. நோன்பு தீங்கு தரும் என நம்பகமான மருத்துவர் கூறினால், சலுகையை ஏற்பதே மார்க்கம். அல்லாஹ் வழங்கிய சலுகையை மறுப்பது பேணுதலாகாது. நோன்புக் கஞ்சியில் உப்பைக் குறைத்து, வடை, சமோசா ஆகியவற்றின் இடத்தில் பேரீத்தம் பழமும் பிற பழங்களும் வைத்தால் பள்ளிவாசல் இஃப்தாரே ஒரு நலவாழ்வுப் பாடமாகும்.

தாக்கிய பின்: ஒவ்வொரு நிமிடமும் அமானிதம்

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை அல்லது கால் வலுவிழத்தல், நா குழறுதல், திடீரெனப் பார்வை மங்குதல், நிலைதடுமாறுதல், முன்னெப்போதும் இல்லாத கடுந்தலைவலி: இவற்றுள் ஒன்று தோன்றினாலும் பக்கவாதம் என ஐயுற வேண்டும். சிரிக்கச் சொல்லுங்கள், இரு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள், கலிமாவையோ ஓர் எளிய வாக்கியத்தையோ கூறச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்றில் குறை தெரிந்தாலும் நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108 ஊர்தியை அழைக்க வேண்டும். மூளையைப் படமெடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசி பெரும்பாலோர்க்கு நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தப்பட வேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவு பயன். பெரிய குழாயின் அடைப்பைக் கருவி கொண்டு அகற்றும் சிகிச்சைக்குச் சிலர்க்கு 24 மணி நேரம்வரை வாய்ப்புண்டு.

சில நிமிடங்களில் தானே சரியாகிவிட்டது என்றும் இருந்துவிடலாகாது. அது பெருந்தாக்குதலுக்கு முன்னறிவிப்பு. அடுத்த சில நாள்களே மிக ஆபத்தானவை. அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும்.

அவ்வேளையில் நம்மவர் செய்யும் சில செயல்கள் உயிருக்கே ஊறு விளைவிக்கின்றன. பரக்கத்தை நாடி வாயில் ஸம்ஸம் நீரோ தேனோ ஊற்றுவர். விழுங்கும் ஆற்றலை இழந்தவர்க்கு அது நுரையீரலுக்குள் செல்லும். ஸம்ஸமின் கண்ணியம் குறைவதில்லை; மருத்துவர் அனுமதித்த பின் பருகச் செய்யலாம். வாயில் எதுவும் தராமல் ஒருக்களித்துப் படுக்க வைப்பதே முறை. ஆஸ்பிரின் மாத்திரையும் தரலாகாது. நிகழ்ந்தது இரத்தக் கசிவாயின் அது கேடு விளைவிக்கும். சில ஊர்களில் புறாவின் இரத்தத்தைச் செயலிழந்த கை கால்களில் பூசுகின்றனர். ஓடும் இரத்தம் நஜீஸ் என்பதை அறியாதார் யார்? மருத்துவப் பயன் ஏதுமற்ற அசுத்தத்தைப் பூசிக்கொண்டிருக்கும் நேரத்தில் மூளை மடிந்துகொண்டிருக்கிறது. காற்றுச் சேட்டை, ஜின் தீண்டல் எனக் கருதி ஓதிப் பார்ப்போரைத் தேடி அலைவதும் அத்தகையதே. ஓதிப் பார்த்தல் மார்க்கத்தில் உள்ளதுதான். ஊர்தியில் செல்லும்போதே அருகிலிருந்து ஓதலாம். அதற்காக ஊர்தியை நிறுத்தி வைக்கலாகாது.

ஜமாஅத்தின் பங்கு

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றிற்கான மருந்துகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அவ்வாறு வாசலுக்கு வரும் ஊழியரிடம் வீட்டுப் பெண்களும் முதியோரும் தம் அழுத்தத்தை அளந்துகொள்ளத் தயங்கலாகாது. ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பின், பள்ளியின் முற்றத்தில் அழுத்தம் அளக்க ஏற்பாடு செய்யலாம். அதற்கு ஓர் அழுத்தமானியும் பயிற்சி பெற்ற ஓர் இளைஞரும் போதும். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கலாம். அக்டோபர் 29 உலகப் பக்கவாத நாள். அதை ஒட்டிய ஜும்ஆ உரையில் நோயின் அறிகுறிகளை எடுத்துரைக்கலாம். அரபுக் கல்லூரி மாணவர்களுக்கும் முதலுதவி கற்பிக்க வேண்டும். மக்கள் இடுக்கண் உற்ற வேளையில் முதலில் ஓடிவந்து கதவைத் தட்டுவது பள்ளிவாசல் இமாமின் இல்லத்தையே.

முதுமைக்கு முன் இளமையையும், நோய்க்கு முன் ஆரோக்கியத்தையும் வாய்ப்பாகக் கருதுமாறு நபியவர்கள் ஏவினார்கள். உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என இரவெல்லாம் நின்று வணங்கிய ஒரு ஸஹாபிக்கு நினைவூட்டினார்கள். குழாயில் கொழுப்புப் படிவது முதுமையில் அன்று, இளமையில் தொடங்குகிறது. ஆகவே தடுப்பும் இளமையிலேயே தொடங்க வேண்டும். காலை மாலை துஆவை ஓதுவோம்; அதே காலையில் மாத்திரையை மறவாதிருப்போம்; மாலையில் நடந்தே பள்ளிக்குச் செல்வோம். அவ்வளவும் செய்த பின்னரும் நோய் வருமாயின், அது நம் அலட்சியத்தால் வந்ததன்று, அல்லாஹ்வின் நாட்டத்தால் வந்தது எனப் பொறுமையுடன் ஏற்க நமக்கு உள்ளத்தெளிவு கிட்டும்.

வல்ல ரஹ்மான் நம் உடலுக்கும் செவிக்கும் பார்வைக்கும் நாவுக்கும் ஆஃபியத்தை அருள்வானாக! இறுதி மூச்சுவரை அவனுடைய திருநாமத்தை மொழியும் நாவை நமக்கு நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.